கழுத்தறுப்புக்குத் தடை

மார்ச் 4, செவ்வாய்

புதுப் பதிப்பைச் செயலிக் கடைக்கு அனுப்பியாயிற்று. இந்தத் தடவை ஒரே ஒரு புதுப் பொத்தான்தான்: ‘நகல் எடு’. எல்லோரும் ரொம்ப நாளாகக் கேட்டது. நான்தான் ‘உங்கள் குரல் உங்கள் போனை விட்டு வெளியே போகாது’ என்று பெருமையாக எழுதி வைத்துக்கொண்டு தள்ளிப்போட்டேன். இப்போது அண்ணனுடைய போன் அவசரப்படுத்துகிறது. பேட்டரி உப்பி, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறான்.

உள்ளே இருப்பது அவன் குரல். குரல்வளையை எடுப்பதற்கு முந்தைய வாரம் உட்கார்ந்து அவனே பேசிப் பதிந்தது. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவிய தொண்டை. இப்போது படம் போட்ட பொத்தானைத் தொட்டால் அந்தக் குரல் பேசும். அவனுக்காகத்தான் இந்தச் செயலியையே செய்தேன். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணி கேட்டார்: “பக்கத்துல இன்னொரு போன வச்சு, இத பேச விட்டுப் பதிஞ்சுக்கலாம்ல?”

சிரித்துவிட்டேன். “போட்டோவ போட்டோ எடுத்த மாதிரி இருக்கும் அண்ணி. ரெண்டு நாள் பொறுங்க, சுத்தமா எடுத்துத் தரேன்.”

மார்ச் 6, வியாழன்

நிராகரித்துவிட்டார்கள். காரணம்: வன்முறையைத் தூண்டும் உள்ளடக்கம்.

வன்முறையா? எங்கே? கடையில் வைத்திருக்கும் மாதிரிப் படத்தில் அண்ணனுடைய பொத்தான் பலகை தெரிகிறது. அதில் ஒரு பொத்தானைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘கழுத்தை அறுக்காதே.’ கீழே அவர்களுடைய தமிழ்: “ஒரு நபரின் தொண்டையை வெட்டுதல் பற்றிய குறிப்பு கண்டறியப்பட்டது. நாங்கள் உங்கள் சமூகத்தின் மீது அக்கறை கொள்கிறோம்.”

அட அறிவாளிகளா. எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாலும் அறுக்காதே என்றுதானே இருக்கிறது? அறு என்றா சொன்னேன்?

சாயங்காலம் அண்ணனிடம் காட்டினேன். தோள் குலுங்கச் சிரித்தான், சத்தமே இல்லாமல். கழுத்தில் இருக்கும் ஓட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு எழுத்துப் பலகையில் எழுதினான்: ‘எனக்கு அறுத்தே முடிச்சாச்சு. இனிமே என்ன தூண்டுறது?’

மார்ச் 7, வெள்ளி

மாதிரிப் படத்திலிருந்து அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். வாலைச் சுருட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு பொத்தானுக்காக யார் மல்லுக்கு நிற்பது?

மார்ச் 10, திங்கள்

மல்லுக்கு நின்றிருக்க வேண்டும்.

இப்போது வேறு பாட்டு. செயலியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசிப் பதியலாம் அல்லவா, அது ஆபத்தாம். ஒவ்வொரு பதிவையும் ஒரு வடிகட்டி முதலில் கேட்க வேண்டுமாம். ‘பொருத்தமற்ற’ சொல் இருந்தால் அந்தப் பொத்தான் பேசக் கூடாதாம். அதாவது, தொண்டை போனவன் அவசரத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கடையிடம் அனுமதி வாங்க வேண்டும். யோசித்தவன் யாரோ, அவன் வீட்டில் எல்லோரும் வாய் நிறையப் பேசிக்கொண்டு சௌக்கியமாக இருப்பார்கள்.

அதோடு விட்டார்களா? செயலியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கணக்கை முடக்கிவிட்டார்கள். இனி யாராலும் புதிதாக இறக்க முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் போனிலும், அடுத்த முறை கடையோடு தொடர்பு கொள்ளும்போது அது திறக்காமல் போய்விடும்.

அண்ணிக்குப் போன் போட்டேன். “அண்ணன் போன்ல நெட்ட உடனே அணைங்க. வைஃபை, சிம் எல்லாம். யார் கேட்டாலும் ஆன் பண்ணாதீங்க.”

“ஏம்மா, என்னாச்சு?”

என்னத்தைச் சொல்ல? அண்ணன் பேசுவதற்கு எவனோ ஒருத்தன் பூட்டுப் போட வருகிறான், கதவைச் சாத்துங்கள் என்று சொன்னேன். மற்றவர்களுக்கும் இதையே செய்தியாக அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர் அதற்குள் பார்ப்பார்களோ.

எழுதியவள் நான். வரிக்கு வரி நான். அந்தப் போனுக்குள் என் செயலி வைத்திருக்கும் அறைக்கு என்னிடம் சாவி இல்லை. கடை கொடுத்தால்தான் உண்டு. இத்தனை நாள் வீடு கட்டிக் குடியிருக்கிறேன் என்று நினைத்தேன் — திண்டாட்டம் வந்த பிறகுதான் தெரிகிறது, நிலமும் அவனுடையது, கதவும் அவனுடையது.

மார்ச் 11, செவ்வாய்

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் கூப்பிட்டார். ஒரு தையல்காரப் பெண்ணுக்கு அடுத்த வாரம், அண்ணனுக்குச் செய்த அதே அறுவை சிகிச்சை. கடையில் தேடினால் செயலி காணோமாம்.

“பேசிப் பதியறதுக்கு அவங்க பெரிய பட்டியலே போட்டு வச்சிருக்காங்க. பாதி அவங்க வீட்டுக்காரர திட்றதுக்கு. இப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க?”

சாதாரணப் பதிவுக் கருவியில் தனித்தனியாகப் பதிந்து பத்திரமாக வைக்கச் சொன்னேன். பொத்தான் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். “நீங்கதான் செஞ்சீங்க, உங்களாலயே குடுக்க முடியாதா?” என்று பயிற்சியாளர் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

மேல்முறையீடு எழுதினேன். நாள் முழுக்க அதுவே வேலை. மனிதரோடு பேச ஒரு எண் கிடையாது, ஒரு பெயர் கிடையாது, ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் எழுதி அனுப்ப வேண்டும்.

பொறுமையாகத்தான் எழுதினேன். தமிழில் உடம்பை வைத்துப் பேசுவது சகஜம் ஐயா, யாரும் யாரையும் கொல்வதில்லை. ‘கழுத்தை அறுக்காதே’ என்றால் சலிப்பூட்டாதே. ‘உயிரை வாங்காதே’ என்றால் தொந்தரவு செய்யாதே. ‘தலையைத் தின்னாதே’ என்றால் நச்சரிக்காதே. ‘வயிறு எரிகிறது’ என்றால் ஆற்றாமை. ‘கையைக் கடிக்கிறது’ என்றால் செலவு மிஞ்சிவிட்டது. ‘மண்டை வெடித்துவிடும்’ என்றால் யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. இப்படி ஒரு பெரிய பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பொருள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு சிரத்தையாக எழுதியதில்லை.

படித்துப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. மனிதர் யாராவது படித்தால் சிரித்துவிட்டு அனுமதித்துவிடுவார்.

மார்ச் 17, திங்கள்

அண்ணன் போன் இன்னும் உப்பிவிட்டது. பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்று தெருமுனை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. “இத தெறந்தா தெரை போயிடும். அப்புறம் நீங்க என்னத் திட்டுவீங்க. கம்பெனிக்கே போங்க.”

கம்பெனிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: “உள்ள இருக்குற எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் மேடம் வாங்குவோம். உங்க பாதுகாப்புக்காகத்தான்.”

என் பாதுகாப்புக்காக! இந்த வாரம் எனக்காகக் கவலைப்படாத ஆளே இல்லை போலிருக்கிறது. “உள்ள எங்கண்ணன் குரல் இருக்கும்மா” என்றேன். “பேக்கப் எடுத்துட்டு வாங்க மேடம்” என்றாள். அவள் மேல் தப்பில்லை. போனைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தேன்.

மார்ச் 20, வியாழன்

பதில் வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு நானே நம்ப மாட்டேன்:

“உங்கள் மேல்முறையீட்டுக்கு நன்றி. தாங்கள் பகிர்ந்த சொற்றொடர்கள் மிகவும் பயனுள்ளவை. அவை அனைத்தும் தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறோம்.”

அனைத்தும்.

நான் உட்கார்ந்து பொருள் சொல்லி, உதாரணம் சொல்லி, தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ‘உயிரை வாங்குதல்’ — உயிரினங்களின் சட்டவிரோத வணிகம். ‘தலையைத் தின்னுதல்’ — மனித உறுப்புகளை உண்ணுதல். வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். சே. என்ன ஜென்மங்கடா இது? யாராவது இருக்கீங்களா உள்ள? ஒரே ஒரு ஆளாவது?

மார்ச் 21, வெள்ளி

சமையல் செயலி செய்கிறவர் ஒருவர், முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம், காலையில் கூப்பிட்டார்.

“காரம் ஜாஸ்தியானா வயிறு எரியும்னு ஒரு வரி போட்டிருந்தேன். தீ வைக்கத் தூண்டுறேனாம்! எடுத்துட்டாங்க. எவனோ ஒரு மகாராசன் ஒக்காந்து பட்டியல் போட்டுக் குடுத்திருப்பான் போல.”

“இருக்கும்” என்றேன்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர்கள் மேல் வரும் அருவருப்பு ஒரு பக்கம், அதே கட்டத்தில் கைகட்டி நின்று பவ்யமாக எழுதிய என் மேல் வருவது இன்னொரு பக்கம்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி சொன்ன வழிதான். முதல் நாளே செய்திருக்கலாம்.

போன் சார்ஜ் ஏற மறுக்கிறது. இருக்கிற சார்ஜில் ஓடுகிற வரைக்கும்தான். முன் அறையில் ஃபேனை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, மேசையில் தலையணை போட்டு, பக்கத்தில் என் பதிவுக் கருவியை வைத்தேன். எதை முதலில் எடுப்பது? ‘தண்ணி வேணும்’, ‘வலிக்குது’, ‘டாக்டரைக் கூப்பிடு’ என்று நான் வரிசை போட்டேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டான். எழுத்துப் பலகையில் எழுதினான்: ‘தண்ணிக்கு எதுக்குக் குரலு? சைகை போதும்.’

அவனே விரலை வைத்தான். முதலில் ஏலக் கூவல். முழுசாக, மூச்சு விடாமல். அறையே அதிர்ந்தது. ரொம்ப நாளாயிற்று அதைக் கேட்டு. அடுத்தது அவன் சிரிப்பு. அடுத்தது சந்தைக் கூட்டாளிகளுக்கு என்று வைத்திருந்த கெட்ட வார்த்தைகள், ஒன்றுவிடாமல், நிதானமாக. அப்புறம் அண்ணியிடம் பேசுகிறவை. அண்ணி சுவர் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

பாதி வந்திருக்கும். போன் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, திரை ஒரு தரம் வெளுத்து, அணைந்துவிட்டது. மறுபடி வரவில்லை. அண்ணி அதைக் கிடுக்கியால் பிடித்து மணல் வாளியில் போட்டு வாசலில் வைத்தார்.

என்னைக் கூப்பிடும் பொத்தான் கடைசி வரிசையில் இருந்தது, அதுவரை வரவே இல்லை. ‘அடியே குட்டிச்சாத்தான்!’ அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு இழுப்பு இருக்கும். செயலி செய்தபோது பொத்தான்களை அடுக்கியவள் நான்தான். என்னுடையது கடைசியில் இருக்கட்டும், என்ன அவசரம் என்று அடுக்கினேன். அண்ணன் எழுதிக் காட்டினான், ‘குட்டிச்சாத்தான்’ என்று. எழுத்தில் அது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது.



ஏப்ரல் 1, செவ்வாய்

கடையிலிருந்து கடிதம். தேதியைப் பார்த்து யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிஜம். “மறுபரிசீலனைக்குப் பின் உங்கள் செயலி மீட்டமைக்கப்பட்டுள்ளது.” புதுப் பதிப்பும் அனுமதிக்கப்பட்டுவிட்டது, ‘நகல் எடு’ பொத்தானோடு. வடிகட்டி என்ன ஆயிற்று? ஒரு வார்த்தை இல்லை. ஏன் எடுத்தார்கள், ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? அதற்கும் பதில் இல்லை. சொற்களின் தடை மட்டும் அப்படியே இருக்கிறதாம். கடைசியில் ஒரு கேள்வி: இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

தூ.

செயலியைத் திறந்ததும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு செய்தி போட்டேன்: ‘இன்றே நகல் எடுத்துவிடுங்கள். இங்கே இனி புதிய பதிப்பு வராது.’ பொத்தான் பலகையைச் சாதாரண இணையப் பக்கமாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அழகு கம்மிதான். ஆனால் எந்தப் போனிலும் திறக்கும். எவனிடமும் கேட்க வேண்டாம்.

ஏப்ரல் 5, சனி

தையல்காரப் பெண்ணுக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். புதுப் பக்கத்தில் அவருடைய பதிவுகளை ஏற்றிக் கொடுத்தேன். முதல் பொத்தானிலேயே வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார் என்று பயிற்சியாளர் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

அண்ணனுடைய புதுப் போனில் பொத்தான் பலகை தயார். கொடுக்கப் போனேன். அண்ணி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஜன்னலை மூடியும் உள்ளே வந்த தெருச் சத்தம், தலையணையில் கை உரசுகிற சத்தம் எல்லாம் கேட்கிறது. ‘சாப்பிட்டியா?’ என்ற பொத்தானைத் தொட்டான்.

“சாப்பிட்டியா?” — அவன் குரல். உடனே, கொஞ்சம் தள்ளி, அண்ணியின் குரல்: “ம்ம், ஆச்சு. நீங்க?”

பதிந்த அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார், அண்ணன்தான் கேட்கிறான் என்று நினைத்து. பதிவுகளைப் பிரிக்கும்போது நானும் இதைக் கடைசி வரை கேட்காமல் விட்டிருக்கிறேன்.

எனக்கு உறுத்தியது. “இரு, பின்னாடி வர்றத மட்டும் வெட்டித் தரேன், ஒரு நிமிஷ வேல” என்று போனுக்குக் கை நீட்டினேன்.

அவன் போனை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, மறு கையால் எழுத்துப் பலகையை இழுத்து எழுதினான்: ‘அதுல கை வச்ச, கொன்னுடுவேன்.’

அப்புறம் மறுபடியும் அந்தப் பொத்தானைத் தொட்டான். நான் வெட்டவில்லை.