வெள்ளிக்கிழமை போன்

மகனுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் மனைவி எழுதுகிறாள்.

ஓரிடத்தில் நிலைகொள்ளாத உன் மகள் அஃப்ரினை அருப்புக்கோட்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மாவிடம் காட்டினோம். "அடங்கி உக்காந்தா உடனே பாராட்டுங்க, கத்தாதீங்க. பயிற்சி உங்களுக்குந்தான் அத்தா" என்று என்னிடம் சொன்னார் அந்தம்மா. பழகினோம். இப்போது சாப்பாடு முடியும்வரை உட்காருகிறாள். அவள் வயதில் நீ ஓடிக்கொண்டேதான் தின்றாய், எனக்கு மறக்கவில்லை.

நீ வெள்ளிக்கிழமைதோறும் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்து, "ஏன்டி கொரங்கு, இன்னும் அடங்கலயா?" என்கிறாய். போன வாரம் மணி அடித்ததும், "அத்தாவா? நான் இல்லன்னு சொல்லிருங்க" என்று பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இனி முதல் வார்த்தை பாராட்டாக இருந்தால் அவளைக் கூப்பிடுவேன். ஏச வேண்டுமென்றால் என்னை ஏசு. போன் என் கையில்தான் இருக்கும்.

உன் அத்தா