தொட்டியில் இருந்த கல்

அன்புள்ளவருக்கு,

இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நான்காம் வகுப்பு டீச்சர் விடுப்பில் போனதிலிருந்து அந்த வகுப்பும் என் தலையில்தான். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது தொண்டையில் குரல் இருப்பதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. கீழே வாளியை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் தொட்டி வைத்துத் தலைப்பிரட்டை வளர்க்கிறோம் என்று போனில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? தவளையைப் புத்தகத்தில் படித்து ஒப்பிப்பதைவிடப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று ஆரம்பித்தேன். எனக்குத்தான் வேலை போதவில்லையே! வால் மறைவதற்குள் வந்து பார்ப்பேன் என்று பாப்பாவிடம் சொன்னீர்கள். பிறகு அடுத்த வாரம் என்றீர்கள். மறுபடியும் அடுத்த வாரம் என்றீர்கள்.

பின்னங்கால் முளைத்த அன்று வகுப்பே அமர்க்களப்பட்டது. முன்னங்காலும் வந்ததும், இனி இவை தண்ணீருக்குள்ளேயே இருந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும், ஏறி உட்கார இடம் வேண்டும் என்று சொல்லிச் சாய்வாக ஒரு கல்லை வைத்தேன். ஒவ்வொன்றாக ஏறித் தோட்டத்துக்குப் போய்விடும் என்றும் சொன்னேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம். குட்டித் தவளைகள் செத்து மிதந்தன. யார் எடுத்தது என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் அடங்கிவிட்டது. நம் பாப்பாவும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பாப்பா சொன்னாள், "நான்தாம்மா எடுத்தேன். அப்பா வர்றதுக்குள்ள எல்லாம் ஏறிப் போயிடுமே" என்று.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். மூச்சு முட்டும் என்று சொல்லிக் கொடுத்தேனே, காதில் விழவில்லையா என்று கேட்டேன். "விழுந்துச்சும்மா. கொஞ்ச நாள் தாங்கும்னு நெனச்சேன்" என்றாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது. நானும் அப்படி நினைத்துக்கொண்டுதானே காலத்தை ஓட்டுகிறேன்.

கல்லைத் திரும்பவும் வைத்துவிட்டேன். ஒன்றே ஒன்று பிழைத்திருக்கிறது. இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடப் போக, இவள் மட்டும் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை. அங்கே லீவு கேட்டு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியாதா? வர முடிந்தால் வாருங்கள். முடியாது என்றால் முடியாது என்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். அழுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் என்று மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள், அவளிடமும் என்னிடமும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா