உள்ளங்காலில் இருந்த யோகம்

போன திங்கட்கிழமை உன் வீட்டுக்காரர் பவானிபூரில் என் வீட்டுக்கு வந்தார். காப்பிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டைக் காலரை இறக்கிப் பிடரியைக் காட்டினார். பழுப்பாக ஒரு தடிப்பு, மெழுகைச் சொட்டி ஒட்டவைத்த மாதிரி. "சலூன்காரன் காட்டினான். ரெண்டு நாளா தூக்கமில்லை. கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வயதானால் வருகிற தடிப்பு அது, ஒன்றும் செய்யாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தபோது நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

என் கழுத்தில் மரு மருவாகத் தொங்கியதே, அதற்கு ஜாதவ்பூரில் தோல் டாக்டரிடம் எனக்குத் துணையாக வந்தாய். பேங்கில் இருபது வருஷம் அடுத்தடுத்த மேஜை, துணைக்கு வேறு யாரைக் கூப்பிடுவேன்? அந்தப் பெங்காலி டாக்டரம்மாள் பொறுமைசாலி. தொங்கும் மரு, கண்ணுக்குக் கீழே நொய்யரிசி போல வரும் வெள்ளைப் பரு, வயிற்றில் வரும் சிவப்புப் புள்ளி, இந்த மெழுகுத் தடிப்பு, எதற்கும் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் புதிதாக ஒரு மச்சம் வந்து வளர்ந்தால், ஓரம் கோணல்மாணலாகப் படர்ந்தால், ஒன்றிலேயே இரண்டு நிறம் தெரிந்தால், ரத்தம் கசிந்தால், தள்ளிப்போடாமல் வந்து காட்டுங்கள் என்றார். உள்ளங்காலையும் நகத்தடியையும்கூட விடாமல் பார்க்கச் சொன்னார். நீ தலையாட்டிக் கேட்டாய். உன் இடது செருப்புக்குள் அது அப்போதே இருந்திருக்கிறது. நீ காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. இந்த ஊர்த் தமிழ்க்காரர்களுக்கெல்லாம் மச்ச பலன் சொல்கிற பெரிய மனிதர் ஆயிற்றே உன் வீட்டுக்காரர். நாற்பத்தெட்டு வயதில் உன் உள்ளங்காலில் கருப்பாக ஒன்று முளைத்ததும், "கடல் தாண்டுற யோகம். யாருக்கும் காட்டாதே, கண்ணு பட்டா பலிக்காது" என்றாராம். அந்த வருஷமே உன் பையன் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டான், விசாவும் வந்தது. கேட்க வேண்டுமா? மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

பூஜையின்போது காளிகாட் பக்கம் பந்தல் பந்தலாகச் சுற்றினோமே, அன்றைக்கு நீ நொண்டினாய். "புதுச் செருப்பு கடிக்குதுடீ" என்றாய். பூஜைக்கு இந்த ஊரில் நொண்டாதவர் யார்? நானும் நம்பித் தொலைத்தேன். குளிர்காலத்தில் உன் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்து உன்னை இழுத்துக்கொண்டு ஓடியபோது, அதே டாக்டர் என்னைத்தான் திட்டினார். இது மச்சமில்லை, புற்று, உள்ளே பரவிவிட்டது, முதலிலேயே காட்டியிருந்தால் சின்னதாக வெட்டி எடுத்திருப்பேன் என்றார். நீ விமானம் ஏறவே இல்லை. அடுத்த பூஜைக்கு நீயே இல்லை.

இப்போது சொல், அந்த மனிதரிடம் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பிடரியில வந்தா என்ன பலன்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. வியாழக்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. அதுவரை காலையும் மாலையும் போன் செய்தார். "பயப்படற மாதிரி இருக்குமா?" என்று கேட்பார். "டாக்டர் சொல்லட்டும்" என்று வைத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பாவம் என்று தோன்றவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

வியாழனன்று கூடவே போனேன். டாக்டரம்மாள் லென்ஸ் வைத்துப் பார்த்து, "கிச்சு நா, கிச்சு நா" என்று சிரித்தார். ஒன்றுமே இல்லையாம். வெளியே வாசல் படிக்கட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அஞ்சு நிமிஷ வேலை. இதுக்குப் போய் இப்படிப் பயந்தேனே" என்றார்.

"அவளுக்கும் அஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கும்" என்றேன்.

பொத்தானில் இருந்த கை நின்றுவிட்டது. அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரை ஒண்ணும் சொல்லிடாதடீ" என்றாய். அதற்காக மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன் பேச்சை மீறியது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்ல வாய்ப்புக் கிடைத்தால், அதையும் விடமாட்டேன்.