நாற்காலி மேல் ஒரு பலகை

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா அவளுடைய இடது முட்டியைத் தவிர, நான் என்னுடைய வாயைத் தவிர, மற்றபடி இருவரும் நலம். நீயும் உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இல்லையென்றால் இல்லை என்றே எழுது, போனில் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன்ப்பா என்று ஒரே சுருதியில் சொல்லிவிடுகிறாய். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்றால், நான் போனை எடுத்தாலே உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோள்மேல் காதை வைத்துக்கொள்கிறாள், இது அவள் காதுக்குப் போகக்கூடாத விஷயம். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, முடி வெட்ட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் முடி ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

முதலில், போன மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. பெரியவர்களுக்கான மனநலப் படிப்பு மூன்று வருஷம் முடியப்போகிறது, குழந்தைகளையும் வளரும் பிள்ளைகளையும் பார்க்க இன்னும் இரண்டு வருஷம் தனிப்பயிற்சி இருக்கிறது, இடமும் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் சேருகிறேனா இல்லையா என்று சொல்லவேண்டும், ஆனால் ரொம்பக் களைப்பா இருக்கு என்னப்பா செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். நான் என்ன எழுதினேன், போதும் வந்துடு என்றேன். அதோடு நிறுத்தினேனா, பெரியவங்களுக்குப் பார்க்கத் தெரிஞ்சவளுக்குச் சின்னவங்களைப் பார்க்க எதுக்குத் தனியா ஒரு படிப்பு, மருந்தைப் பாதியாக் குறைச்சுக் கொடுத்தா ஆச்சு என்று வைத்தியமும் சொல்லிக்கொடுத்தேன். உன் சின்ன மாமா வேறு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தபால் மூலம் ஒரு வருஷத்தில் ஏதோ சான்றிதழ் தருகிறார்களாம் அதை வாங்கி மாட்டிக்கட்டும் என்றார், அதையும் சேர்த்து எழுதினேன். உன்கூடப் படித்த ஒருத்தி முதலில் குழந்தை மருத்துவம் முடித்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் வந்தாள், இன்னொருத்தன் இரண்டையும் சேர்த்து ஐந்து வருஷமாகப் படிக்கிறான் என்று நீ பொறுமையாக விளக்கியதெல்லாம் எனக்கு எந்த வழியாகச் சுற்றினாலும் வீட்டுக்கு வர லேட்டாகும் என்று மட்டும்தான் கேட்டது. மகளைப் பார்த்து ஒன்றரை வருஷமான அப்பனுக்கு அப்படித்தான் கேட்கும், அதற்காக அது சரியாகிவிடாது.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட அடுத்த வாரம் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள், பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. வீட்டுக் கத்தரியால் தன் முடியில் ஒரு பக்கத்தைக் காது வரைக்கும் கன்னாபின்னாவென்று தானே வெட்டிக்கொண்டிருந்தது. அழகு நிலையத்துக்குப் போனால் நாலு பேர் பார்த்து நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்து, ஆம்பளைகள் கடையென்றாலும் பரவாயில்லை, கூட்டமில்லாத நேரமாக என்னிடம் வந்தாளாம். பேச்சுக்குப் பயந்து என் கடைக்கு வந்த முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள், பாவம். ஏதோ மாத்திரை வாங்கவேண்டுமென்று பக்கத்து மருந்துக்கடைக்கு அவள் போன நேரத்தில் நான் பாட்டுக்குக் கத்தரியை ஓட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து வழக்கம்போல் உளறிக்கொண்டிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, முகத்துக்கு நேராகக் கேட்டால் வாய் திறக்காதவர்கள்கூடக் கண்ணாடியில் தெரியும் ஆளிடம் பேசிவிடுவார்கள். அந்தப் பெண்ணும் பேசியது. பதினோரு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லையாம், பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நூலகத்தில் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறதாம். பள்ளிக்கூட வாசல் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் நகர மாட்டேன் என்கிறது, யாராவது பார்த்தா சிரிப்பாங்க, அப்புறம் முடி இல்லாம அசிங்கமா இருந்தா வீட்லயே இருக்கச் சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன் அங்கிள் என்றது. வீட்ல சொல்லிடாதீங்க என்றும் சொன்னது. நானும் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்காரர் டீ குடிக்க வந்தார். வேறு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். சத்தியமாக வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, மனசு கேட்கவில்லை என்று சொன்னேன், ஆனால் சொல்லும்போது அந்தச் செய்தித்தாள் இடத்தில் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். அவரும் மனசு கேட்காமல் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அந்தப் பெண்ணின் அப்பா அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மணி அடிக்கும் நேரத்தில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார். போகிற வழியில் நூலகத்திலும் ஏறி, இனிமே இவளை உள்ளே விட்டா நடக்கிறதே வேற என்று சொல்லியிருக்கிறார். அதற்கு இருந்த ஒரே நிழலையும் என் ஓட்டை வாய் பிடுங்கிவிட்டது சுண்டு. அதன்பிறகு அது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று அந்த அம்மா வந்து சொன்னபோது என் கையில் இருந்த சீப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும். நீ போனில் ஏம்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டது அந்த வாரம்தான், ஜலதோஷம் என்றேன்.

அடுத்த வாரம் நான் போன் செய்து, ஒரு வாடிக்கையாளரோட பொண்ணு விஷயமா கேக்கறேன், உன்கிட்ட வர்ற பிள்ளைங்ககிட்ட நீ எப்படிப் பேசுவே என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா. முதல் நாளே சொல்லிடுவேன்ப்பா, நீ சொல்றது என்கிட்டயே இருக்கும், உன் உயிருக்கு ஆபத்துன்னு பட்டா மட்டும் வீட்ல சொல்வேன், அதையும் உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன் என்றாய். சாக நினைக்கிறியான்னு நேராவே கேக்கலாம், கேக்கறதால அந்த நெனப்பு வந்துடாது என்றும் சொன்னாய். அந்தப் பயிற்சியில் ஒரு பக்கம் கண்ணாடியாகவும் மறுபக்கம் ஜன்னலாகவும் ஒரு சுவர் இருக்கும், நீங்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசுவதை உங்களுக்கு மேலே இருக்கும் டாக்டர் அந்தப் பக்கமிருந்து, அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான், பார்த்துத் திருத்துவார், எங்கே அவசரப்பட்டாய் எங்கே வாயை மூடியிருக்கவேண்டும் என்று கணக்காகச் சொல்வார், அப்படியே இரண்டு வருஷம் போகும் என்றாய். முப்பது வருஷமாகக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன், என் பேச்சை அந்தப் பக்கமிருந்து ஒருவரும் திருத்தவில்லையே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தது. மிச்சமிருந்த பக்கத்தையும் வெட்டிக்கொண்டிருந்தது. அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, துணியைப் போர்த்தி, கத்தரியை எடுக்காமல் கண்ணாடியைப் பார்த்தே சொன்னேன், உன் பேச்சை நான்தான் வெளியே விட்டேன், தப்பு பண்ணிட்டேம்மா, இனிமே நீ ஒண்ணும் சொல்லவேண்டாம், உன் உயிர் சம்பந்தப்பட்டதா இருந்தா மட்டும் உங்கம்மாகிட்ட சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன் என்று. நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அந்த இன்னொரு கேள்வியையும் நேராகக் கேட்டேன். இல்லை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னது, நம்புகிறேன், ஆனாலும் வீட்டில் கத்தரி, பிளேடெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதையும் அதனிடம் சொல்லிவிட்டுத்தான். அதற்கப்புறம் அது ஒன்றுதான் கேட்டது. உங்க பொண்ணு டாக்டர்தானே, அவங்களும் உங்கள மாதிரிதானா அங்கிள். இல்லம்மா, அவ அவங்கம்மா மாதிரியும் இல்ல என்ன மாதிரியும் இல்ல, அவ அதுக்குன்னே தனியா படிக்கிறா என்றேன். சொன்ன பிறகுதான் என் போன மாதக் கடிதம் ஞாபகம் வந்தது.

என் கடையில் குழந்தைகளை உட்காரவைக்க நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போடுகிற பலகை ஒன்று இருக்கிறதல்லவா, சின்ன வயசில் நீயே அதன்மேல் உட்கார்ந்து ஊரைக் கூட்டியிருக்கிறாய். நான் தொழில் கற்ற கடையில் பெரியவர்கள் தலையைத் தொட ஒரு வருஷத்தில் விட்டார்கள், அந்தப் பலகையைத் தொட மூன்று வருஷம் ஆனது. பெரியவன் தலையை நம் இஷ்டத்துக்குத் திருப்பலாம், குழந்தை தலை திரும்பினால் அதோடு நாம்தான் திரும்பவேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டேதான் மருந்தைப் பாதியாக்கு என்று எழுதினேன். கேட்பவர்களிடமெல்லாம் நானும் தலை, என் மகளும் தலை, நான் வெளியே அவள் உள்ளே என்று ஜோக் அடித்துக்கொண்டிருந்தவன், அந்த உள்ளே என்பது எவ்வளவு தூரம் என்று யோசிக்கவில்லை.

இதனால் சேர்ந்துவிடு என்று இப்போது உத்தரவு போடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. களைப்பு உன்னுடையது, முடிவும் உன்னுடையது, நீ வந்தாலும் இந்த வீட்டுக் கதவு பாதியாகத் திறக்காது. நான் கெடுத்தது ஏற்கெனவே ஒருத்திக்குப் போதும், அப்பா சொன்னார் என்று நீயும் ஒன்றை விட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் அதன்பிறகு கொஞ்சம் பேசியது. என்ன என்று கேட்காதே, எழுதமாட்டேன். உயிர் சம்பந்தப்பட்டது இல்லை, அதன் சொந்த விஷயம். உன் அம்மா ஏதோ மறைக்கிறீங்க என்று ஆறு நாளாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், மருந்துக்கடைக்காரர் டீயோடு வந்து உட்கார்ந்துவிட்டு ஆறவிட்டுப் போகிறார், எனக்கு வயிறு உப்பிக்கொண்டு வருகிறது, இருந்தாலும் வாய் திறக்கவில்லை. உன்னிடம் சொல்ல அது அனுமதித்தது ஒன்றே ஒன்று, டாக்டரைப் பார்க்கச் சம்மதம் என்பது. இந்தப் பக்கம் முழுவதற்கும் பிள்ளைகளுக்கென்று இருப்பது ஒரே ஒரு டாக்டரம்மா, நாலு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது, அதற்கு முன்னால் ஏதாவது வழியிருந்தால் உடனே எழுது. அதுவரைக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முடி வெட்ட வரலாமா என்று கேட்டது. வெட்ட அங்கே என்ன இருக்கிறது, மொத்தமே இரண்டு விரல் அகலம். வா என்று சொல்லியிருக்கிறேன். துணியைப் போர்த்திவிட்டு, அது கண்ணாடியைப் பார்த்துப் பேசி முடிக்கிறவரைக்கும் காற்றில் கத்தரியை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே விழுங்காதே. எந்தப் பதிலானாலும் இருபதாம் தேதிக்குள் கொடுத்துவிடு, கடைசி நாள் வரைக்கும் இழுக்கும் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. நீ எந்த நாற்காலிக்கு முன்னால் நின்றாலும் உன் கை நடுங்காமல் இருக்கட்டும், உன்னிடம் வருகிற பிள்ளைகள் நிம்மதியாகத் திரும்பிப் போகட்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே.

வாயைக் கட்டப் புதிதாகப் பழகும்
உன் அப்பா