பூவத்தில் ஊதச் சொன்னார்கள்

அன்புள்ள பெரியநாயகிக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். முதலில், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் பிள்ளைகள் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

காரைக்காலுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து நான் குடிக்கப் பழகிவிட்டதாக உன் அண்ணன் நீலமேகம் சொன்னாராம். அன்றோடு உன் கடிதம் நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கப் பிடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினேன். பூவம் தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் நிறுத்தியது.

"ஊதுங்க சார்" என்றார் ஏட்டு.

கல்லூரி வாத்தியார் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வாத்தியாருக்கும் வாய் இருக்குல்ல?"

ஊதினேன். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். மோர்.

"காரைக்கால்லேருந்து வெறும் மோரோட வர்றீங்களா? உங்களத்தான் சார் மொதல்ல சந்தேகப்படணும்!"

சோதனைக்கு நின்ற பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

பொறையாறில் டீ குடித்தேன். திருக்கடையூரில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம். கிழவர் தாலி கட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆக்கூர் வரை மிதித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பினேன்.

அந்த ஏட்டாவது ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு. பழைய போர்வையும் வேண்டும்.

தபால் எடுக்க ஆள் வரும் நேரம். 'உன் அன்புள்ள' என்று எழுதிவிட்டுத்தான் கீழே பெயர் போட வேண்டும். அதை எழுதக் கை வரவில்லை. கையெழுத்தில்லாமலே பெட்டியில் போடுகிறேன்.