நடிக்கத் தெரியாத ஆள்

மார்ச் 4 — 09:10
வெஸ்டா குறுங்கோளைச் சுற்றும் நிலையம். பூவராகன், பராமரிப்பாளர், தனி ஆள். மின்சாரம் சரி. காற்று வடிகட்டிகளில் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று இருமுகிறது. பன்னிரண்டாம் தேதி ஆளில்லா மீட்புக் கலம் வந்தால் பிழைத்தேன்.

இன்றும் படம் வந்தது. பூமியில் இருக்கும் மனநல அதிகாரி ஹெலன் ஜெயசீலி தனிமைக்கு மருந்து என்று சோதனைமுயற்சிக் குறும்படங்களாக அனுப்புகிறார். பார்த்துவிட்டுக் கருத்து எழுத வேண்டுமாம்.

கருத்து: ஒரு ஈரச் சுவர். அது காய்கிறது. படம் முடிந்தது. அடப்பாவிகளா, இதற்கு ஒரு இயக்குநர் வேறு!

மார்ச் 6 — 18:40
ஹெலனின் குரல்: “பூவராகன் சார், புரியணும்னு பாக்காதீங்க. சும்மா கூட இருங்க, படம் தானா பேசும். அப்புறம், மீட்புக் கலம் கிட்ட வந்ததும் அதோட கேமராப் படம் உங்க திரைக்கே வரும். உடனே பச்சைப் பொத்தான அமுக்குங்க. அமுக்கலைன்னா அது தானா திரும்பிப் போயிடும்.”

சரி தாயே.

கருத்து: ஒருத்தி வெங்காயம் உரிக்கிறாள். கடைசிவரை குழம்பு வைக்கவே இல்லை. எனக்குப் பசிதான் வந்தது. ஒரு சண்டை, ஒரு பாட்டு உள்ள படமாக அனுப்பினால் குடியா முழுகிப்போகும்?

மார்ச் 8 — 07:25
விண்கல் தூள் அடித்து அலைவாங்கி முறிந்து தொங்குகிறது. குரலும் போச்சு, செய்தியும் போச்சு. துணை அலைவாங்கியில் ஏதாவது வந்தால் உண்டு.

மார்ச் 9 — 11:50
துணை அலைவாங்கியில் வந்தேவிட்டது. என்ன? படம்! ஒரு வார்த்தை வரவில்லை, படம் மட்டும் வருகிறது. என் தலையெழுத்து.

கருத்து: முழுக்க இருட்டு. நடுவில் தகர டப்பா மாதிரி ஒன்று மெல்ல மெல்லப் பெரிதாகிறது. அதன் மேல் முறிந்த கை போல ஏதோ தொங்குகிறது. ஒரு சன்னல். உள்ளே ஒரு வழுக்கைத் தலையன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். திரும்புவான், திரும்புவான் என்று பார்த்தேன். அசையவே இல்லை. நடிக்கத் தெரியாதவனை எல்லாம் எங்கிருந்து பிடிக்கிறார்கள்? எரிச்சலில் பாதியிலேயே திரையை அணைத்துவிட்டேன்.

மார்ச் 10 — 16:05
மாற்றுக் கம்பி இழுத்துக் கட்டினேன். தேங்கிக் கிடந்த செய்தி வந்தது. ஹெலன், எட்டாம் தேதி: “சார், உங்க வடிகட்டிய நெனச்சா பயமா இருக்கு. கலத்த வேகப்படுத்திட்டோம். நாளைக்கே வந்துடும். திரைய விட்டு நகராதீங்க சார்.”

நகரவில்லை, ஹெலன். திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். சன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

மார்ச் 10 — மணி பார்க்கவில்லை
வடிகட்டி நின்றுவிட்டது. அந்தப் படத்தின் பதிவை மறுபடி போட்டேன். நான் அணைத்த பிறகும் ஓடியிருக்கிறது. டப்பா நெருங்கி அப்படியே நிற்கிறது. ரொம்ப நேரம். பிறகு சிறிதாகிக்கொண்டே போகிறது. அந்த ஆள் அப்படியே

கருத்து: அழுதேன் ஹெலன். டேய் பாவி, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருடா. திரும்பு