வெள்ளிக்கிழமைச் சப்பாத்தி

என் குச்சி அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன இடத்திலாவது வயிறு வலிக்காமல் இருக்கிறதா? அதை மட்டும் சொல். இங்கே இருந்தவரை அந்த ஒன்றைத்தான் நீ யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் "கொஞ்சம் கேஸ், அவ்ளோதான்" என்று வாயை அடைத்துவிடுவாய்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஊரே படிக்கட்டும். அம்மா மட்டும் படிக்க மாட்டாள். நம் அம்மா கன்னட ஸ்கூலில் படித்தவள், வாயில் தமிழ், கையில் கன்னடம். அப்பா நம் இரண்டு பேரையும் தரதரவென்று தமிழ் டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார் இல்லையா? அது இப்போது இதற்குத்தான் உதவுகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் உன்னிடம் பேச.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைகூட என் கனவில் வந்ததில்லை. அம்மாவுக்கும் வரவில்லையாம். அப்படி என்ன கோபம் எங்கள் மேல்?

உன் வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா ஈஜிபுரா வீட்டைக் காலி செய்துவிட்டார். மறுபடி கல்யாணமும் ஆகிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் உன் துணியை அலசிப் போட்ட மனுஷன் அவர். கோபமெல்லாம் உன் மாமியார்மேல்தான். உனக்குக் கரு கலைந்தபோதெல்லாம் "இவ வயித்துல எதுவும் நிக்காது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாளே, அந்தப் பொம்பளை நல்லா இருக்கிறாள். மூன்று வேளையும் ஜீரணம் ஆகிறது அவளுக்கு.

இப்போது என் செய்தி. உனக்கு வந்ததுதான் எனக்கும் வந்தது. முதலில் மாதவிலக்கு தள்ளிப்போனது, பிறகு நின்றே போனது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மெட்ரோ படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கியது. ஆபீசில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வயிறு உப்பி, சுடிதாரை இழுத்து விட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. டென்ஷன் என்றார்கள். கல்யாணம் ஆகாமல் முப்பத்தாறு வயதில் இருக்கும் ஒருத்தி என்ன நோவு என்று போனாலும் பெங்களூரில் அதற்குப் பெயர் டென்ஷன்தான்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தின்று தின்று பார்த்தும் ரத்தம் ஏறவே இல்லை. உள்ளே போவது எங்கேதான் போகிறது என்று பார்க்க, வயிற்று டாக்டரிடம் அனுப்பினார்கள். கன்னடக்காரம்மா. நம் மாதிரியே தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசுகிறவர். முதலில் மோஷன் எப்படிப் போகிறது என்று கேட்டார். அடுத்ததாக மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். வயிற்று டாக்டருக்கு அது எதற்கு என்று எனக்கு ஆச்சரியம். பிறகு, "கூடப் பிறந்தவங்க யாரு?" என்றார்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். ஒல்லியா? ஆமாம். வாயில் அடிக்கடி புண் வருமா? ஆமாம். பீரியட்ஸ் ஒழுங்காக வருமா? வராது. குழந்தை? நிற்கவில்லை. எப்படிப் போனாங்க? குடலில் கட்டி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நோடம்மா, இங்க பாரு, கோதுமைல ஒரு புரோட்டீன் இருக்கு. சில பேரு குடலுக்கு அது ஆகவே ஆகாது. உள்பக்கமெல்லாம் தேஞ்சு போயிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. இரும்பு போச்சு, விட்டமின் போச்சு. உடம்பு ஓடறதுக்கே பத்தலன்னா ஹார்மோன் எங்கருந்து சரியா சுரக்கும்? பீரியட்ஸ் தப்பும், நிக்கும். கரு தங்குனாலும் கலைஞ்சு போகும். வயித்துக்கு ஒரு டாக்டர், கர்ப்பப்பைக்கு ஒரு டாக்டர்னு நாமதான் பிரிச்சு வெச்சிருக்கோம். உடம்புக்கு அது தெரியாதில்ல?"

"எங்க அக்காவுக்கும் இதேதானா, மேடம்?"

"இப்ப உறுதியா சொல்ல முடியாதம்மா. வருஷக்கணக்கா தெரியாமலே விட்டா, ரொம்பச் சில பேருக்குக் கட்டில போயி முடியும். நீங்க சொல்றதப் பாத்தா அப்படித்தான் தோணுது."

ரத்தம் எடுத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். எனக்கு அதுதான். மருந்து உண்டா என்று கேட்டேன். மருந்தெல்லாம் இல்லையாம். கோதுமை, மைதா, ரவை, ஒரு பொடிகூட வாயில் படக்கூடாது. அவ்வளவுதான். "அரிசி, ராகி, சோளம் எல்லாம் சாப்பிடலாம். சோறு எவ்ளோ வேணும்னாலும் சாப்பிடும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பாவம், அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஏன் அழுதேன் என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா குழந்தைக்காக விரதம் இருந்தாள். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை ஒன்றையும் விடவில்லை. பகலெல்லாம் பட்டினி, ராத்திரி பலகாரம். நம் வீடுகளில் விரதம் என்றால் சோறுதானே கூடாது? சப்பாத்தி ஆகும், கோதுமை ரவை உப்புமா ஆகும், பூரிகூட ஆகும். குழந்தை பிறந்த பிறகு கோயிலில் பத்துப் பேருக்குச் சோறு போட்டு, தானும் உட்கார்ந்து சோறு தின்று விரதத்தை முடிப்பேன் என்று அம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள்.

போதாததற்கு, குழந்தைக்காக நீ போய்ப் பார்த்த அந்த லேடி டாக்டர். நல்லவர்தான், எல்லோருக்கும் சொல்வதைத்தான் உனக்கும் சொன்னார். ஹார்மோன் சரியில்லை, அரிசியைக் குறைத்துவிட்டுச் சப்பாத்திக்கு மாறுங்கள் என்றார். உன் எலும்பை அவர் பார்க்கவில்லையா? விரதம் இல்லாத நாளிலும் சப்பாத்தி என்று ஆனது அதற்குப் பிறகுதான். உன்னை எது தின்றதோ அதையே நீ வேண்டிக்கொண்டு தின்றாய். வயிறு கடமுடா என்றால் "பட்டினி கெடந்ததால" என்பாய். பட்டினி கிடந்த நேரத்தில்தான், அக்கா, உன் குடல் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் ஹலசூர் கோயிலுக்குப் போய்விட்டு, நேராக ஜோகுபாளையம் நம் வீட்டுக்கு வருவாய். அம்மா நீ வருவதற்கென்றே மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்பாள். கல்லிலிருந்து எடுத்த கையோடு நெய் தடவி உன் தட்டில் போடுவாள். "ஸ்வல்ப இன்னொண்ணு சாப்புடுடி. வெறும் வயித்துல இருந்தா எப்படிப் புள்ள தங்கும்?" என்பாள். நீ போதும் என்பாய், அவள் விடமாட்டாள். அந்தக் கையால்தான், அக்கா. யாரோ எவரோ இல்லை. அந்தக் கை.

இதை எப்படி அவளிடம் சொல்வது?

சொல்லவில்லை. எனக்குத் தோல் அலர்ஜி, கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். சர்க்கரை பார்க்கிற சாக்கில் அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை. அப்பா வழியாக வந்திருக்கலாம் என்றார் டாக்டர்; சோதித்துப் பார்க்க அப்பாதான் இல்லையே. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமை ஒன்று இல்லாவிட்டால்.

நீ போன பிறகு உன் விரதத்தை அம்மா எடுத்துக்கொண்டாள், தெரியுமா? பாதியில் நின்ற வேண்டுதல் பாவமாம். தான் தொடர்ந்து இருந்தால் அடுத்த பிறவியிலாவது உனக்குக் குழந்தை பிறக்குமாம். வெள்ளிக்கிழமை ராத்திரி சப்பாத்தி சுட்டு, உன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒரு துண்டு பிய்த்து என்னிடம் நீட்டுவாள். "அலர்ஜியெல்லாம் இதுக்கு வராது. இது அக்காவோடது, ஒரு வாய் போட்டுக்கோ." எப்படி வேண்டாம் என்பது? வாங்கி, அவள் திரும்பியதும் கைக்குட்டையில் சுருட்டி, மாடிக்குப் போகிற மாதிரி போய்த் தெருமுனை நாய்க்குப் போட்டுவிடுவேன். அது கொழுகொழுவென்று இருக்கிறது இப்போது. உன் பங்கைத் தின்று ஜோகுபாளையத்தில் கொழுத்தது அந்த ஒரு நாய்தான். உனக்கு வைத்ததைத் தெருவில் போடும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

கோதுமையை விட்ட சில மாதங்களில் எனக்கு மாதவிலக்கு வந்தது. ஆபீசில், மீட்டிங் நடுவில். பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "ஆர் யூ ஓகே?" என்றாள். ஓகேதான். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது. இதற்காகவா அக்கா? இந்த ஒரு சொட்டுக்காகவா நீ ஊசி போட்டுக்கொண்டாய், வேப்பிலை அரைத்துக் குடித்தாய், ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றினாய்? சப்பாத்தியை நிறுத்தினால் போதும் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நான் பிழைத்துக்கொண்டேன் என்கிற சந்தோஷம் எனக்கு இன்றுவரை வரவில்லை. இவ்வளவு சுலபமா என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என்னால் அந்தச் சப்பாத்தியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. உன் படத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து வைக்கிறாளே, நெய் தடவி. போன வாரம் துணிந்து ஒரு பொய் சொன்னேன். "அம்மா, அக்கா கனவுல வந்தா. சப்பாத்தி வேணாமாம். சோறு கேட்டா."

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. மாவை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து அரிசி களைந்தாள். சோறு, உனக்குப் பிடித்த முருங்கைக்காய் சாம்பார், அப்பளம். இலை போட்டு உன் முன்னால் வைத்தாள். அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். விளக்கை ஏற்றிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள்.

"அவளே சோறு கேட்டாளா?"

"ஆமாம்மா."

"அப்ப வெரதத்த முடிச்சிக்கினாளா? கொழந்த வேணாம்னு விட்டுட்டாளா என் பொண்ணு?"

இந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை அக்கா. சோறு தின்றால் விரதம் முடிந்தது என்று அர்த்தம். குழந்தை இல்லாமலே முடித்தால் ஆசையை விட்டுவிட்டாய் என்று அர்த்தம். அம்மா இலையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சத்தமே வராமல் அழுதாள். நீ போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அப்போது அடுத்த பிறவி என்று ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. சப்பாத்திக் கல்லைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள். சப்பாத்தியும் இல்லை, சோறும் இல்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணி மட்டும். "யாருக்காகச் சாப்டணும், சும்னே இரு" என்று படுத்துக்கொண்டாள். இப்போது நம் வீட்டில் பட்டினி கிடப்பது அவள் ஒருத்திதான்.

உண்மையைச் சொன்னால் அவள் எழுந்து உட்காரக்கூடும். உட்கார்ந்து தன் கையைப் பார்ப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது.

இனி மாதவிலக்கு சரியில்லை என்று எந்தப் பெண் என்னிடம் சொன்னாலும், உன் வயிறு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஒல்லியாக ஒருத்தியைப் பார்த்தால் குச்சி என்று கூப்பிட மாட்டேன். அந்தக் கை செய்ததைப் பற்றி அம்மா காதுக்கு ஒரு வார்த்தை போகாது, நான் போகும்வரை. அடுத்த வெள்ளிக்கிழமை நானே சோறு வடித்து, பிசைந்து, அவள் வாயில் ஊட்டுவேன். ஏன் என்று கேட்பாள். அக்கா மறுபடியும் வந்தாள் என்பேன். வந்து என்ன சொன்னாள் என்று கேட்பாள். அங்கேதான் எனக்குப் பொய் வரவில்லை, எத்தனை யோசித்தும் வரவில்லை. இந்த ஒரு தடவை நிஜமாகவே வந்து, அவளிடம் என்ன சொல்லட்டும் என்று சொல்லிவிட்டுப் போ, அக்கா.

உன் பங்கு சோற்றையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
பாப்பா